தடுப்புச்சுவர் சரிந்தால் பணம் வருமா? மலை வீட்டு இன்சூரன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் எங்கள் தெருவில் ஒரே பேச்சுதான். "அண்ணா, நம்ம பாலிசியில இது வருமா?" நான் ஏஜென்ட் இல்லை. கோத்தகிரியில் சொந்த வீடு வைத்திருப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுத் தடுப்புச்சுவர் சரிந்தது. கிளெய்ம் போட்டதில் பாதி கிடைத்தது, பாதி கிடைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில் பாலிசிக் காகிதத்தை வரி விடாமல் படித்தேன். அதற்கப்புறம் அக்கம்பக்கத்தார் காகிதங்களும் என் மேசைக்கு வர ஆரம்பித்தன. அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன். நீலகிரியை மனதில் வைத்து எழுதியதுதான். கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வண்டிக்கு இருப்பது மாதிரி வீட்டுக்கென்று ஒரு இன்சூரன்ஸ் இருக்கிறதா?

இருக்கிறது. வண்டிக்குப் போல சட்டக் கட்டாயம் இல்லாததால் யாரும் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் அடிப்படை வீட்டுப் பாலிசியின் பெயர்: பாரத் கிருஹ ரக்ஷா. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்துக் கொடுத்த வாசகம் அது. அதை எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் உள்ளே இருக்கும் நிபந்தனைகள் ஒன்றுதான். பிரீமியமும், கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் கவர்களும், அதாவது தனிப் பாதுகாப்புகளும்தான் மாறும். அதனால் ஏஜென்ட் வந்து "எங்க பாலிசில எல்லாமே வரும் சார்" என்றால் ஒரு சிரிப்போடு கேட்டுக்கொள்ளுங்கள்.

எதற்கெல்லாம் பணம் வரும்?

தீ, வெடிப்பு, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், மண் சரிவு, பாறை உருண்டு விழுவது, வீடு நிற்கும் நிலம் உள்வாங்குவது, காட்டுத்தீ, மரமோ வண்டியோ மோதுவது, கலவரம், பயங்கரவாதம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவது. இவை எல்லாம் அடிப்படைப் பாலிசியிலேயே இருக்கின்றன. பழைய தீப் பாலிசியில் நிலநடுக்கத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. புயல் வெள்ளத்தை வேண்டாமென்று கழற்றிவிட்டுப் பிரீமியத்தைக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. இப்போது அந்தக் கழற்றல் வேலை இல்லை.

பட்டியலைப் பார்த்தால் மலைக்காரனுக்கென்றே எழுதியது போல இருக்கும். ஆனால் இதில் உள்ள ஒவ்வொன்றும் திடீரென்று நடக்கும் ஒரு சம்பவம். நம் மலையில் முக்கால்வாசிச் சேதம் மெதுவாக நடப்பது. நமக்கும் நிறுவனத்துக்கும் சண்டை வருவது அந்த இடத்தில்தான்.

மண் சரிவுக்குக் கட்டாயம் பணம் கிடைக்குமா?

மண் சரிவு பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதே பத்திக்குக் கீழே ஐந்து விலக்குகள் இருக்கின்றன. அவற்றை ஒருமுறை சத்தமாகப் படித்தால் நம் ஊரில் பாதி வீடு கண்முன் வரும்.

புதுக் கட்டடம் உட்கார்ந்து இறங்குவதால் வரும் சாதாரண வெடிப்புக்குப் பணம் இல்லை. நிரப்பிய மண் இறங்கினாலோ நகர்ந்தாலோ இல்லை. ஆறோ கடலோ கரையை அரிப்பதால் வந்தால் இல்லை. தப்பான வடிவமைப்பு, மோசமான வேலை, தரமில்லாத பொருள் இவற்றால் வந்தால் இல்லை. கட்டுமானம், இடிப்பு, மாற்றிக் கட்டுவது, மண் தோண்டுவது இவற்றால் வந்தாலும் இல்லை.

சரி, சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்த ஐந்தும் கடைசிப் பக்கச் சமாச்சாரம். நமக்கு? சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் தள்ளி, அதைச் சமப்படுத்தித்தானே வீடு கட்டுகிறோம். வீட்டின் பின்பாதி வெட்டிய நிலத்தில் இருக்கும், முன்பாதியும் முற்றமும் தள்ளிய மண்ணில் இருக்கும். முன்பாதி இறங்கினால், நஷ்டத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் எழுதப்போகும் வார்த்தை 'நிரப்பிய மண்'. பின்பக்கத்தில் மேல்வீட்டுக்காரர் அஸ்திவாரத்துக்குத் தோண்டியதால் மண் வந்து விழுந்தால் அவர் எழுதக்கூடிய வார்த்தை 'தோண்டும் வேலை'. இரண்டுக்கும் நடுவே மழையால் தானாகச் சரிந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு நம் தலையில் வந்து நிற்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். சமையலறைக்குப் பின்னால் இருந்த மேட்டிலிருந்து மண் சரிந்து, ஜன்னலை உடைத்து, உள்ளே முழங்கால் அளவு சேறு. அதே இரவில் முற்றத்துக்குக் கீழே நின்ற தடுப்புச்சுவரும் போய்விட்டது. எனக்கு அது ஒரே மழை, ஒரே இரவு, ஒரே சேதம். சர்வேயருக்கு அது இரண்டு சம்பவம். சமையலறைக்குப் பணம் வந்தது. தடுப்புச்சுவருக்கு வரவில்லை. அது தள்ளிய மண்ணைத் தாங்கி நின்ற சுவர், அந்த மண் இறங்கியதால்தான் சுவர் சாய்ந்தது என்று எழுதிவிட்டார். சுவருக்கு நீர் வடியும் துளையே விடவில்லை என்றும் ஒரு வரி சேர்த்தார். அந்த இரண்டாவது வரிக்கு என்னிடம் பதில் இல்லை. மேஸ்திரி துளை விடச் சொன்னபோது "பார்க்க நல்லா இருக்காது" என்று வேண்டாமென்றது நான்தான். சுவரை என் கைக்காசில் திரும்பக் கட்டினேன். இப்போது அதில் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன.

அப்படியானால் தடுப்புச்சுவருக்குப் பணமே வராதா?

வரும். இதைப் பலரும் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். பாலிசியில் வீடு என்றால் நான்கு சுவரும் கூரையும் மட்டும் இல்லை. தடுப்புச்சுவர், காம்பவுண்டு சுவர், வேலி, கேட், வளாகத்துக்குள் போடும் பாதை, கார் ஷெட், வராந்தா, செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, சோலார் பேனல் எல்லாமே கட்டடத்தில் அடக்கம். பாறை உருண்டோ மரம் விழுந்தோ தடுப்புச்சுவர் உடைந்தால் கேட்கலாம். இயற்கையான சரிவு மழையில் இளகி வந்து அதைத் தள்ளினாலும் கேட்கலாம்.

ஆனால் பாலிசி எடுக்கும்போது அதன் மதிப்பைச் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஆன செலவுக்குச் சமமாகச் சுவருக்குச் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டின் சதுர அடியை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு சுவருக்கும் சேர்த்துக் கேட்டால் தொகை எட்டாது.

நிலமே போய்விட்டால்?

நிலத்துக்குக் காப்பீடு இல்லை. கட்டடத்துக்கு மட்டும்தான். பத்து சென்ட்டில் மூன்று சென்ட் ஓடைக்குள் போனாலும் பாலிசியில் அதற்கு ஒரு வரி கிடையாது. தேயிலைச் செடி, காபிச் செடி, மலைப்பூண்டு, கேரட் பாத்தி எதுவும் வராது.

சுவரில் வெடிப்பு, ஓதம், கூரைக் கசிவு, பூஞ்சை?

வராது. வராது. வராது. பூஞ்சைக்கு வெயில்தான் மருந்து, அது நம் கையில் இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு: புயலில் ஷீட் பறந்து, அந்த வழியாக மழை இறங்கி வீடு நனைந்தால் அது புயல் சேதம். பழைய ஆணித் துளையில் மூன்று வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் புயல் கணக்கில் எழுத முயன்ற ஒருவரை எனக்குத் தெரியும். சீலிங்கில் இருந்த பழுப்பு வளையங்களை சர்வேயர் மரத்தின் வயதை எண்ணுவது போல எண்ணிக் காட்டிவிட்டுப் போனார்.

பக்கத்து எஸ்டேட் கற்பூர மரம் எங்கள் வீட்டுமேல் விழுந்தால் யார் பாலிசியில் கேட்பது?

உங்கள் பாலிசியில். வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து மோதினால் பணம் தர வேண்டும் என்பது வாசகம், அது யார் மரமாக இருந்தாலும் சரி. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையையும் புரட்டிப்போட்டது நினைவிருக்கும். அப்போது விழுந்த மரங்களுக்கெல்லாம் சொந்தக்காரனைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

தலைகீழாகக் கேளுங்கள்: உங்கள் மரம் அடுத்தவர் கூரையில் விழுந்தால்? அவர் நஷ்டத்துக்கு உங்கள் அடிப்படைப் பாலிசி பணம் தராது. மூன்றாம் நபருக்கான பொறுப்பு என்று தனிக் கவர் உண்டு, அதைச் சேர்த்திருந்தால் மட்டும்தான்.

சாய்ந்து நிற்கும் மரத்தை முன்கூட்டியே வெட்டும் கூலியும் வராது. மலைப்பகுதியில் மரத்தை நினைத்தபடி வெட்டவும் முடியாது, 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஆபத்தான மரம் என்று மனு கொடுத்தால் அந்த மனுவின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தும் சும்மா இருந்தீர்கள் என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது.

இடி விழுந்து டிவி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாம் போய்விட்டது. மின்னல் பட்டியலில் இருக்கிறதே?

என்னிடம் வந்தவர்களில் அதிகம் பேர் ஏமாந்தது இதில்தான். மின்னல் தாக்கிச் சுவர் பிளந்தால், கூரை எரிந்தால் பணம் உண்டு. ஆனால் கரண்ட் ஏறி இறங்கியதாலோ ஷார்ட் சர்க்கியூட்டாலோ ஒரு மின்சாதனம் கருகினால் அந்தச் சாதனத்துக்கு மட்டும் இல்லை. மின்னலால் நடந்தாலும் இல்லை என்று வாசகத்திலேயே எழுதியிருக்கிறது. டிவி கருகி, அதிலிருந்து தீ பரவி, திரைச்சீலையும் சோபாவும் எரிந்தால் திரைச்சீலைக்கும் சோபாவுக்கும் பணம் வரும், டிவிக்கு வராது. விநோதம்தான். மின்சாதனங்களுக்குத் தனிக் கவர் சில நிறுவனங்களில் கிடைக்கிறது. சித்திரை, ஐப்பசி மாதங்களில் இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்குவது அதைவிட மலிவு.

யானை சுவரை இடித்தால், கரடி கதவை உடைத்தால்?

கூடலூர், பந்தலூர்க்காரர்கள் முதலில் கேட்பது யானையை. கோத்தகிரி, குன்னூரில் கரடி. எண்ணெய் வாசனைக்கு வந்து கடைக் கதவையும் சமையலறைக் கதவையும் பிய்த்துவிட்டுப் போகும்.

பாலிசியில் விலங்கு என்ற சொல் தனியாக இல்லை. 'வெளியிலிருந்து மோதும் எந்தப் பொருளும்' என்ற வரிக்குள் யானை முட்டியது அடங்கும் என்பது என் வாதம். நிறுவனமும் அப்படியே படிக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். எடுக்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்துப் பாலிசியோடு சேர்த்துவையுங்கள். போனில் சொன்ன வாக்குறுதி கிளெய்ம் நாளில் காற்று.

எப்படியானாலும் வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். வனவிலங்கு சேதத்துக்கு அரசு நிவாரணம் தனி வழி. குரங்கு ஓட்டை நகர்த்துவதும் தொட்டி மூடியைத் தூக்கிக்கொண்டு போவதும் எந்த வழியிலும் வராது.

எவ்வளவுக்கு எடுக்க வேண்டும்? வீட்டின் விலை அறுபது லட்சம் போகும் என்கிறார்களே.

விற்கும் விலை வேறு, திரும்பக் கட்டும் செலவு வேறு. ஊட்டியிலும் குன்னூரிலும் விலையில் பெரும்பகுதி நிலம், காட்சி, காற்று. இவற்றுக்குப் பிரீமியம் கட்டிப் பயனில்லை. கணக்கு இப்படி: கார்பெட் ஏரியாவை, அதாவது வெளிச்சுவரை விட்டு உள்ளே புழங்கும் தரைப் பரப்பை, இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்குங்கள். 900 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 22,50,000. இதோடு தடுப்புச்சுவர், காம்பவுண்டு, ஷெட் இவற்றின் செலவைச் சேருங்கள்.

கட்டுமானச் செலவைக் கீழ்நாட்டு விலையில் போடாதீர்கள். சிமெண்ட், எம்-சாண்ட், கம்பி எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ லாரியில் மலையேறி வர வேண்டும். லாரி போகாத இடமென்றால் அங்கிருந்து தலைச்சுமை. அந்தச் சுமைகூலியையும் சதுர அடிக் கணக்கில் ஏற்றுங்கள்.

இந்தப் பாலிசியில் எனக்குப் பிடித்தவை இரண்டு. பழைய பாலிசிகளில் வீட்டைப் பாதி மதிப்புக்குக் காப்பீடு செய்திருந்தால் நஷ்டத்திலும் பாதிதான் தருவார்கள். இதில் அந்த வெட்டு இல்லை, உச்சவரம்பு வரை முழுச் செலவும் கிடைக்கும். இன்னொன்று, கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாக ஏறும், அதற்குத் தனிப் பிரீமியம் இல்லை. பத்தாண்டு வரை சேர்த்தே எடுக்கலாம்.

இடையில் மாடி எடுத்தால் சொல்லிவிடுங்கள். பரப்பு 10 சதவீதத்துக்குமேல் கூடி, கூடுதல் பிரீமியம் கட்டாமல் விட்டால் அந்தப் புதுப் பகுதி பாலிசிக்கு வெளியே நிற்கும்.

பிரீமியம் அதிகமோ?

இருபது முப்பது லட்ச ரூபாய்க் கட்டடத்துக்கு ஆண்டுக்குப் பெரும்பாலும் சில நூறிலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். அதற்குமேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மரப்பலகைச் சுவரோ புல், மூங்கில் கூரையோ இருந்தால் கச்சா கட்டடம் என்று வேறு கணக்கு. அதை மறைக்காமல் எழுதுங்கள். மங்களூர் ஓடும் தகர ஷீட்டும் கச்சா இல்லை.

வீட்டுச் சாமான்கள், நகை, பணம்?

கட்டடத்தோடு சேர்த்து எடுத்தால் பொதுவான சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம் தானாகவே கவர் ஆகும், உச்சம் 10 லட்சம். மேலே சொன்ன 22,50,000 கணக்கில் இது 4,50,000. கட்டில், பீரோ, பாத்திரம், கம்பளி, ஃபிரிட்ஜ் எல்லாம் இதில். போதாதென்றால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

நகை, வெள்ளி, ஓவியம், பழம்பொருள் போன்றவற்றுக்குத் தனிக் கவர், முன்கூட்டியே மதிப்பை ஒப்புக்கொண்டு எடுப்பது. மொத்தம் 5 லட்சத்துக்குள், ஒரு பொருள் 1 லட்சத்துக்குள் என்றால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். தங்கம் போகும் விலையில் இன்று ஒரு சங்கிலியே அந்த ஒரு லட்ச வரம்பைத் தாண்டிவிடுகிறது என்பது வேறு கதை.

ரொக்கம், செக், பத்திரம், ஆவணங்கள், கார், பைக் வராது. பச்சைத் தேயிலை விற்ற பணத்தை அரிசிப் பானையில் வைக்கும் அத்தைமார்கள் கவனிக்க.

திருட்டு?

அடிப்படைப் பாலிசியில் திருட்டுக்கு இடம் ஒரு மூலையில்தான். தீயோ வெள்ளமோ நிலச்சரிவோ நடந்து, அதன் காரணமாக ஏழு நாளுக்குள் வீட்டுக்குள்ளிருந்து திருடு போனால் மட்டும். சும்மா ஒரு இரவில் பூட்டை உடைத்தால் கிடையாது. அதற்குத் தனியாகக் கொள்ளைக் கவர் எடுக்க வேண்டும். அதிலும் பூட்டு உடைத்த, ஜன்னல் நெம்பிய தடயம் கேட்பார்கள். திறந்த கதவு வழியாக வந்து எடுத்துப்போனது பெரும்பாலும் தேறாது.

கொடைக்கானலிலும் குன்னூரிலும் வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஏராளம். சொந்தக்காரர் மதுரையிலோ சென்னையிலோ இருப்பார். இத்தனை நாளுக்குமேல் ஆளில்லாமல் இருந்தால் கவர் கிடையாது என்று கொள்ளைப் பாலிசிகளில் நிபந்தனை வைப்பது வழக்கம். வீடு பூட்டியே இருக்கும் என்பதை முதலிலேயே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

வீட்டை ஹோம்ஸ்டேயாக விடுகிறோம். அதே பாலிசி போதுமா?

போதாது. வாடகைக்குக் குடும்பம் வைப்பது குடியிருப்பு, நாள் கணக்கில் சுற்றுலாப் பயணிக்கு அறை விடுவது தொழில். வீட்டுப் பாலிசியை வைத்துக்கொண்டு காட்டேஜ் நடத்தினால், தீ விபத்து அன்று அறைப் பதிவு நோட்டுதான் உங்களுக்கு எதிரான சாட்சி. மொத்தச் சொத்து 5 கோடிக்குள் இருக்கும் சிறு தொழிலுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

குளிருக்கு மூடிய அறையில் கரி அடுப்பு வைத்து உயிர் போகும் செய்தி நம் மலையில் ஆண்டுதோறும் போல வருகிறது. வீட்டுப் பாலிசியில் சேர்த்துக்கொள்ளும் ஐந்து லட்ச ரூபாய் விபத்துக் கவர், தீ, சரிவு போன்ற காப்பீட்டுச் சம்பவத்தில் சொந்தக்காரரோ துணையோ இறந்தால் மட்டும். விருந்தாளிக்கு இல்லை, கரிப்புகைக்கும் இல்லை.

பேங்க் லோன் போட்டபோதே இன்சூரன்ஸ் எடுத்துவிட்டார்களே?

காகிதத்தை எடுத்துப் பாருங்கள். நான் பார்த்த சிலவற்றில் அது வீட்டுக் காப்பீடே இல்லை, கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. வீட்டுப் பாலிசியாகவே இருந்தாலும் தொகை கடன் அளவுக்கு மட்டும் இருக்கலாம், கிளெய்ம் பணமும் முதலில் பேங்குக்குத்தான் போகும்.

பட்டா இல்லை. எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் குடியிருக்கிறோம். எங்களுக்கு?

கூடலூர்ப் பக்கம் செக்‌ஷன் 17 நிலம் என்ற, உரிமை யாருக்கு என்று தீராத சிக்கல் 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்திலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் இருக்கும், பட்டா இருக்காது. காப்பீட்டுக்கு அடிப்படை, அந்தச் சொத்து அழிந்தால் உங்களுக்கு நஷ்டம் உண்டா என்பது. என்ன காகிதம் இருக்கிறதோ அதை விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்து, ஒப்புக்கொள்கிறார்களா என்று பாருங்கள். ஒன்றையும் மறைக்காதீர்கள், அவ்வளவுதான்.

லைன் வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருப்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டுச் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். இதை ஏஜென்ட்டுகள் சொல்வதில்லை, கமிஷன் டீக்குக்கூடக் காணாது.

இத்தனை தொல்லை எதற்கு? அரசாங்கம் நிவாரணம் தருமே.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அந்தச் சில நாட்களில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நிவாரணம் வந்தது உண்மை. ஆனால் நிவாரணத்தின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2022–26 காலத்துக்கான பேரிடர் நிவாரண விதிப்படி முழுதாக இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய். அந்தத் தொகைக்குத் தடுப்புச்சுவரே நிற்காது. இரண்டையும் கேளுங்கள், ஒன்று இருப்பதால் மற்றதை விட வேண்டியதில்லை.

காலையில் எழுந்து பார்த்தால் சரிந்து கிடக்கிறது. முதலில் என்ன செய்வது?

ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள். ஈ.பி. மெயினை அணைக்க முடிந்தால் அணையுங்கள். அப்புறம் மண்வெட்டியைத் தொடும் முன் போனை எடுத்துப் படம் பிடியுங்கள். தூரத்திலிருந்து, பக்கத்திலிருந்து, மண் எங்கிருந்து கிளம்பியது என்பதை மேலிருந்து. கடைசிப் படம்தான் முக்கியம். நான் சேற்றை மட்டும் இருபது படம் எடுத்தேன், மேட்டின் உச்சியை எடுக்கவில்லை. மறுநாள் மழை அதையும் கழுவிவிட்டது.

நிறுவனத்துக்கு அன்றே சொல்லி எண் வாங்குங்கள். கிளெய்ம் படிவத்தை, சேதத்தைப் பார்த்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். மேலும் சேதமாகாமல் தார்ப்பாய் போடுவது, தண்ணீரைத் திருப்பிவிடுவது உங்கள் கடமை. ஆனால் பொக்லைனைக் கூப்பிட்டு மொத்த மண்ணையும் அள்ளிவிடாதீர்கள். இங்கே பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும், சர்வேயருக்கு அந்த மண்ணே சாட்சியும்கூட. இடிபாடு அகற்றும் செலவுக்குக் கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரையும், பொறியாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் பாலிசியில் இடமுண்டு, ரசீது வாங்குங்கள். வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனால் மாற்று வீட்டு வாடகையும் கேட்கலாம்.

வி.ஏ.ஓ.விடம் ஒரு சான்று வாங்குங்கள். அன்றைய மழை அளவை மாவட்ட நிர்வாகத்தின் தினசரிப் பட்டியலிலிருந்து எடுங்கள். பக்கத்தில் எஸ்டேட் இருந்தால் அவர்களுடைய மழைமானிக் குறிப்பு இன்னும் நல்லது, உங்கள் சரிவுக்கு அதுதான் கிட்டம்.

சர்வேயர் என்றதும் எங்கள் அம்மா பதறிப்போய்ப் பட்டாவையும் வரைபடத்தையும் எடுத்துவைத்தார். நிலம் அளக்க வருபவர் என்று நினைத்துவிட்டார். இவர் வேறு, நஷ்டம் அளக்க வருபவர். இவரிடம் கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். "எதனால் விழுந்தது என்று நினைக்கிறீர்கள்?" என்று சாதாரணமாகக் கேட்பார். தெரியாததற்கு ஊகம் சொல்லாதீர்கள். "மேல்வீட்டுக்காரன் தோண்டினான் சார், அதான்" என்று கோபத்தில் சொன்ன ஒரே வாக்கியத்தில் கிளெய்ம் போனவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

மறுத்துவிட்டார்கள். இனி?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள், எந்த விதி என்பதோடு. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஓம்புட்ஸ்மனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் இல்லை. ஓராண்டுக்குள் போக வேண்டும். நான் போகவில்லை. துளை இல்லாத சுவரை வைத்துக்கொண்டு என்ன வாதாடுவது?

மழை எச்சரிக்கை வந்த பிறகு பாலிசி எடுக்கலாமா?

எடுக்கலாம், கொடுத்தால். ஆனால் ஏற்கெனவே வெடித்து நகர ஆரம்பித்த சரிவுக்கு அது உதவாது. கூடலூர், பந்தலூர், குந்தாவுக்கு ஆனியிலிருந்தே மழை. குன்னூர், கோத்தகிரிக்கும் பழனி மலைக்கும் ஐப்பசி, கார்த்திகை. நீலகிரியில் அபாயமான இடங்கள் என்று மாவட்ட நிர்வாகம் 283 இடங்களைக் குறித்துவைத்திருக்கிறது. உங்கள் இடம் அதில் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். இருந்தால் பங்குனி, சித்திரையில், நல்ல வெயிலில், வீட்டையும் சுவரையும் நாலாபக்கமும் தேதியோடு படம் எடுத்துவைத்துவிட்டுப் பாலிசி எடுங்கள். தடுப்புச்சுவரின் துளைகளும் படத்தில் தெரியட்டும்.